எட்டு வருடமாகப் பிக் போகாத 12 அங்குலக் கடலடிக் குழாய்: முதலில் எதை விடுவது?

நெருல் புதுசு
செப்டம்பர் 9, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் கடல் வேலை பார்க்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் நம்பிக் கேட்கிறேன். குழாய் சுத்தம் செய்து தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மழைக்காலம் முடிந்ததும் அக்டோபரில் எனக்கு முதல் வேலை. கடலில் நிற்கும் ஒரு எண்ணெய் பிளாட்பார்மிலிருந்து இன்னொரு பிளாட்பார்முக்குக் கச்சா எண்ணெய் போகும் 12 அங்குலக் குழாய், நீளம் 18 கிலோமீட்டர், சுவர் கனம் 12.7 மில்லிமீட்டர், கடல் ஆழம் 75 மீட்டர் அளவில். எண்ணெயோடு கொஞ்சம் தண்ணீரும் வருகிறது. இப்போது ஓடும் அளவு மணிக்குச் சுமார் 120 கனமீட்டர்.

பதிவேட்டைப் பார்த்தால் இதில் கடைசியாகப் பிக், அதாவது சுத்தம் செய்யவோ சோதிக்கவோ குழாய்க்குள் ஓட்டத்தோடு தள்ளி விடும் கருவி, போனது எட்டு வருடத்துக்கு முன்னால். வருடக் கடைசிக்குள் காந்த சோதனை பிக், அதாவது எம்எஃப்எல், ஓட்டி அறிக்கை தர வேண்டுமாம். நேராக ஒரு பிரஷ் பிக், மறுநாளே எம்எஃப்எல் என்று என் மேலதிகாரி திட்டம் போட்டிருக்கிறார். எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது. பயப்படுவது சரியா, இல்லை அனுபவம் இல்லாததால் வரும் பயமா? படகில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்றும் சொல்லுங்கள்.


மாட்டுங்கா ஓய்வு
செப்டம்பர் 10, காலை 6:15

தம்பி, உன் பயம் சரியான பயம். பிரஷ் பிக்கை முதலில் விடாதே. காரணத்தைக் கணக்கிலேயே காட்டுகிறேன், உன் மேலதிகாரியிடம் அப்படியே காட்டு.

உன் குழாயின் உள் விட்டம் 298.5 மில்லிமீட்டர். உள்சுற்றளவு ஏறக்குறைய 94 சென்டிமீட்டர். சுவர் முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டர் மெழுகு படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள். ஒரு கிலோமீட்டருக்கு 0.94 கனமீட்டர், 18 கிலோமீட்டருக்குப் பதினேழு கனமீட்டர். அதை ஒரே பிரஷ் பிக் முழுசாகச் சுரண்டித் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனால், குழாய்க்குள் 240 மீட்டர் நீளத்துக்கு ஒரு மெழுகுக் கட்டை உருவாகும். ஒரு மில்லிமீட்டருக்கே இந்தக் கதி. எட்டு வருடத்தில் எத்தனை மில்லிமீட்டர் படிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மும்பை ஹை எண்ணெயைப் பற்றி இங்கே வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974-ல் சாகர் சாம்ராட் துளை மேடை கடலில் துளை போட்டுக் கண்டுபிடித்த எண்ணெய் வயல், 1976-ல் எண்ணெய் வரத் தொடங்கியது. லேசான, நல்ல எண்ணெய்தான். ஆனால் மெழுகு அதிகம். சுமார் 30 டிகிரிக்குக் கீழே போனால் ஓட்டம் மந்தமாகி உறையத் தொடங்கிவிடும். கடலடித் தண்ணீர் அதைவிடக் குளிர்ச்சி. வெதுவெதுப்பாகக் கிளம்பும் எண்ணெய் குளிர்ந்த சுவரில் பட்டால் மெழுகு அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

நான் சொல்வது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு 10 அங்குலக் குழாயில் நானே கையெழுத்துப் போட்டு ஒரு பிரஷ் பிக்கை அனுப்பினேன். முதல் ஒரு மணி நேரம் அழுத்தம் மெல்ல ஏறியது. இரண்டாம் மணி நேரத்தில் மறுமுனையில் வரும் ஓட்டம் குறைந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் போய்விடும் என்று தள்ளினோம். தள்ளத் தள்ள மெழுகு இறுகியது. அது ஒரு திசையில் மட்டும் போகும் கப், அதாவது கிண்ணம் போன்ற அடைப்பு, வைத்த பிக் என்பதால் பின்னால் திருப்பவும் முடியாது. மெழுகு கரைப்பானை உள்ளே விட்டு ஊற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வெளியே எடுக்கப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அந்தக் குழாயை நம்பியிருந்த கிணறுகள் மூடிக்கிடந்தன. நான் சரியாகச் சாப்பிட்டதாகவே நினைவில்லை.

அதனால் படிப்படியாகப் போ. முதலில் மென்மையான ஃபோம் பிக். அது பிழைத்து வந்தால் கொஞ்சம் அடர்த்தியான ஃபோம். அப்புறம் பிரஷ் இல்லாமல் வட்டத் தட்டுகள் மட்டும் மாட்டிய டிஸ்க் பிக். அதற்கும் பிறகுதான் பிரஷ். ஒவ்வொரு ஓட்டத்திலும் என்ன வெளியே வருகிறதோ அதுதான் அடுத்தது என்ன விடலாம் என்று சொல்லும்.


ரபாலே ரப்பர்
செப்டம்பர் 10, மதியம் 1:05

நான் ரபாலேயில் பாலியூரித்தேன் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். டிஸ்க்கும் கப்பும் வார்ப்பதுதான் என் பிழைப்பு. அண்ணன் சொன்ன வரிசையை ஒப்புக்கொள்கிறேன். பொருளைப் பற்றிச் சில விஷயம் சேர்க்கிறேன்.

ஃபோம் பிக் வாங்கும்போது அடர்த்தியைக் கேட்டு வாங்குங்கள். கனமீட்டருக்கு 32 கிலோ என்றால் மென்மை, 80 நடுத்தரம், 130 பக்கம் வந்தால் கெட்டி. முதல் ஓட்டத்துக்கு 32-ஏ போதும், மேலே பூச்சு இல்லாத வெறும் ஃபோம். அதன் வேலை சுத்தம் செய்வது இல்லை, வழி இருக்கிறதா என்று பார்ப்பது. எங்காவது மாட்டினால் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் நசுங்கியோ உடைந்தோ போய்விடும். இரும்பு உடம்பு வைத்த பிக் அப்படி உடையாது.

டிஸ்க் பிக்கில் இரு திசையிலும் போகக்கூடியதை மட்டும் எடுங்கள். கப் இறுக்கமாக அடைக்கும், நீண்ட தூரத்துக்கு நல்லது, ஆனால் திரும்பாது. தட்டை டிஸ்க் என்றால் ஓட்டத்தைத் திருப்பி அதைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவரலாம். அண்ணனுடைய பதினோரு நாள் கதையில் அப்படி ஒரு டிஸ்க் பிக் இருந்திருந்தால் இரண்டாம் மணி நேரத்திலேயே திருப்பியிருக்கலாம். சீலிங் டிஸ்க் உள்விட்டத்தைவிடச் சில சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும், உடம்பைத் தாங்கும் டிஸ்க் கொஞ்சம் சிறிதாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

பிக் உடம்பில் பைபாஸ் ஓட்டைகள் கேளுங்கள். பின்னாலிருந்து வரும் எண்ணெயில் ஒரு பங்கு அந்த ஓட்டைகள் வழியாக முன்னால் பீய்ச்சி, சுரண்டிய மெழுகைக் கலக்கிக் குழம்பாகவே வைத்திருக்கும், கட்டையாக விடாது. ஓட்டைகளுக்கு அடைப்பான் உண்டு. எத்தனை திறப்பது என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது.

இன்னொன்று. போன வருடம் ஒருவர் என் டிஸ்க் சரியில்லை என்று சண்டைக்கு வந்தார். போய்ப் பார்த்தால் பிக்கை ஆறு மாதம் தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள், அதன் சொந்த எடையே டிஸ்க்கின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கியிருந்தது. படகில் ஏற்றும்போது செங்குத்தாகவோ, உடம்பு தாங்கும் தொட்டிலிலோ வையுங்கள். வெயிலும் படக்கூடாது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டிஸ்க் விட்டத்தை அளந்து எழுதுங்கள். ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் பிக் சாய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.


சயான் இன்ஸ்ட்ருமென்ட்
செப்டம்பர் 10, இரவு 9:30

ஃபோம் பற்றி ஒரு மறுப்பு. உடைந்துபோகும் என்பதை நல்ல குணமாக மட்டும் சொல்கிறீர்கள். நான் வாங்கும் பக்கத்துப் பிளாட்பார்மில் இருந்தவன். ஒரு முறை உடைந்த ஃபோம் துண்டுகள் எங்கள் பக்கத்து வடிகட்டியை அடைத்து, கன்ட்ரோல் வால்வு ஒன்றையும் மாட்ட வைத்தன. பாதி ராத்திரியில் ஓட்டத்தை நிறுத்திக் கழற்றினோம். ஃபோம் விடுவதற்கு முன் மறுமுனையில் வடிகட்டி, செபரேட்டர் வால்வு எல்லாவற்றையும் கவனிக்க ஆள் போட வேண்டும். துண்டு துண்டாக வரலாம் என்று எழுத்தில் தெரியப்படுத்த வேண்டும்.

சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன் ஓட்டத்தில் பிக் எவ்வளவு வேகம் போகும் என்று பார். மணிக்கு 120 கனமீட்டர் என்றால் நொடிக்கு அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 18 கிலோமீட்டர் போகப் பத்தரை மணி நேரம். பைபாஸ் திறந்தால் இன்னும் மெதுவாகும். அந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரமாகியும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று முன்னாலேயே எழுதி வையுங்கள், அப்போது கூடி யோசிக்கக் கூடாது.

குழாயில் பிக் கடந்ததைக் காட்டும் சிக்னலர் பல பழைய பிளாட்பார்ம்களில் மெழுகு ஏறி அசையாமல் கிடக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து சோதிக்காமல் நம்ப வேண்டாம். இரும்பு உடம்பு பிக் போகும் ஓட்டங்களில் டிரான்ஸ்மிட்டர் கட்டாயம். 22 ஹெர்ட்ஸ் மின்காந்த அலை இரும்பையும் கான்கிரீட்டையும் தாண்டி வெளியே வரும், ஆர்ஓவியில், அதாவது மேலிருந்து இயக்கும் ஆளில்லாத நீருக்கடி வண்டியில், அந்த அலையை வாங்கும் கருவியைக் கட்டித் தேடலாம். பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து வாங்கு. மாட்டிய பிக்கைத் தேடப் படகு வர எத்தனை நாள் ஆகுமோ அதைவிடப் பேட்டரி அதிகம் தாங்க வேண்டும்.

இப்போது கதவு. தயவுசெய்து இதை இரண்டு முறை படி. 12 அங்குலக் குழாய்க்கு, பிக்கை உள்ளே விடும் அறையான லாஞ்சர் பேரல் 16 அங்குலம் இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு பார் அழுத்தம் மிச்சமிருந்தால் கதவைத் தள்ளும் விசை 1.3 டன். அழுத்தம் காட்டும் காஜ் பூஜ்ஜியம் காட்டுவதை நம்பாதே. காஜுக்குப் போகும் சின்னக் குழாயும், வாயுவை வெளியே விடும் வென்ட்டும் மெழுகால் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் இருந்தும் காஜ் பூஜ்ஜியம்தான் காட்டும். வென்ட்டிலிருந்தும், அடியில் வடிக்கும் டிரெயினிலிருந்தும் ஏதாவது வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடைப்பு இல்லை என்று எடுத்துக்கொள். வால்வு இரண்டு மூடி, நடுவில் வடித்து, அது நின்றுவிட்டதா என்று காத்திருந்து பார். கதவுக்கு நேர் எதிரே யாரும், ஒரு நொடிகூட, நிற்கக் கூடாது. மறுமுனையில் பிக் வந்து சேரும் ரிசீவர் அறையில் இன்னும் ஒரு ஆபத்து உண்டு. பிக்குக்குப் பின்னால் தனியாக அழுத்தம் அடைபட்டிருந்தால் கதவு திறந்ததும் பிக்கே வெளியே பாயும்.


நெருல் புதுசு
செப்டம்பர் 11, காலை 7:50

நன்றி அண்ணா, எல்லோருக்கும். நேற்று ரபாலே அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் டிஸ்க் பிக் மூன்றும் தரையில்தான் படுத்திருந்தன. ஒன்றில் நாலு மில்லிமீட்டர் தட்டை. இன்று நிமிர்த்தி வைத்துவிட்டேன், புது டிஸ்க்குக்கும் எழுதிவிட்டேன்.

ஒரு கேள்வி. குழாயின் வெளிப்பக்கத்தையும் சுத்தம் செய்ய வேண்டுமா? ஒப்பந்தத்தில் ஆர்ஓவி சர்வே என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.


சங்குகுளி பேரன்
செப்டம்பர் 11, இரவு 11:20

இது என் பகுதி, தம்பி. தூத்துக்குடிக்காரன், தாத்தா மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கிச் சங்கு எடுத்தவர். நான் மும்பைக் கடலில் பத்தொன்பது வருடம் டைவராக இருந்தேன், இப்போது ஆர்ஓவி பக்கம் இருக்கிறேன்.

குழாய் முழுவதையும் வெளியே தேய்க்க வேண்டாம், தேய்க்கவும் கூடாது. அடியில் கிடக்கும் குழாய்க்கு மேலே கான்கிரீட் உறை இருக்கும், எடைக்காக. அதற்குக் கீழே அரிப்பைத் தடுக்கும் பூச்சு. அங்கங்கே வளையல் மாதிரி அலுமினிய ஆனோடு. அந்த ஆனோடு தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது ஜெட் எடுத்தால் தடுத்துவிடு. ஆர்ஓவி ஊசி முனையை இரும்பில் தொட்டு மின்னழுத்தம் பார்க்கும். வெள்ளி குளோரைடு மின்முனைக் கணக்கில் மைனஸ் 800 மில்லிவோல்ட்டாவது இருக்க வேண்டும். மைனஸ் 950, 1000 என்று வந்தால் நிம்மதி. 800-ஐ எட்டாமல் 750, 700 என்று நின்றால் அந்த இடத்துக்குப் பாதுகாப்புப் போதவில்லை.

சுத்தம் வேண்டியது ரைசரில்தான். பிளாட்பார்ம் காலோடு மேலேறும் அந்தப் பகுதியில் வெளிச்சமும் சூடும் இருப்பதால் முதல் முப்பது மீட்டருக்குச் சிப்பியும் கொட்டலசும் கைப்பிடி கனத்துக்கு ஏறிவிடும். எடை மட்டும் இல்லை, குழாய் பருமனாவதால் அலை அடிக்கும் விசையும் கூடும். ரைசரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருப்பதும் அந்தப் பொருக்குக்குள் மறைந்துவிடும். அதற்கு உயர் அழுத்த வாட்டர் ஜெட், இல்லை குமிழி வெடிப்பில் வேலை செய்யும் கேவிட்டேஷன் ஜெட். கேவிட்டேஷன் பூச்சுக்கு மென்மை, டைவருக்கும் அவ்வளவு உதைக்காது. ஏற்கெனவே சுத்தமான ரைசரில் வளையம் மாட்டி, அலையின் ஆட்டத்திலேயே அது மேலும் கீழும் உருண்டு புதுசாக எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆளே இறங்க வேண்டாம்.

வாட்டர் ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் பீய்ச்சும் விசையைச் சமன் செய்யத் துப்பாக்கியின் பின்பக்கமும் ஒரு ஜெட் உண்டு. அதன் உறை உடைந்த துப்பாக்கியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகவே கூடாது. டைவர்களைக் கீழே இறக்கும் எங்கள் பெல் கூண்டில் இருந்த ஒரு பையனுக்குத் தொடையில் பட்டது. வெளியே பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி, உள்ளே சதை முழுக்கக் கிழிந்திருந்தது. சின்னக் காயம் என்று விட்டிருந்தால் கால் போயிருக்கும்.

75 மீட்டர் என்பதால் சாதாரணக் காற்று டைவிங் எட்டாது, அதன் எல்லை 50 மீட்டர். சாட் டைவிங்தான். ஹீலியம் கலந்த காற்றில் அழுத்த அறைக்குள்ளேயே வாரக்கணக்கில் வாழ்ந்து, பெல்லில் இறங்கி, வேலை முடிந்ததும் அழுத்தம் குறைக்கவே மூன்று நாளுக்கு மேல் உட்கார வேண்டும். அந்தப் படகின் ஒரு நாள் வாடகை கேட்டால் தலை சுற்றும். அதனால் பார்ப்பது, அளப்பது, லேசாகத் துலக்குவது எல்லாம் ஆர்ஓவி. கிளாம்ப் போடுவது, குழாய்க்கு அடியில் மண் அரித்துத் தொங்கும் இடத்தில் சிமெண்ட் குழம்பு நிரப்பும் கிரவுட் பை வைப்பது போன்றவற்றுக்கு மட்டும் டைவர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கடல் யாரையும் இறங்க விடாது. அக்டோபர் வந்ததும் எல்லோரும் ஒரே படகைக் கேட்பார்கள், இப்போதே முன்பதிவு செய்.

ஒரு யோசனை: பிக் விடுவதற்கு முன்பே ஆர்ஓவியை ஒரு முறை ஓட்டிப் படம் எடுத்து வை. கான்கிரீட் உடைந்த இடம், வலை சிக்கிய இடம், நங்கூரம் இழுத்த தடம் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் எண் குறித்து வை. பின்னால் உள்ளே ஏதாவது தட்டுப்பட்டால் ஒப்பிடலாம்.


பன்வெல் லேப்
செப்டம்பர் 12, மதியம் 3:10

இரண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் என்ன உள்ளே விடுவது என்றே பேசுகிறீர்கள். எனக்கு அக்கறை என்ன வெளியே வருகிறது என்பதில். பதினாறு வருடமாகக் குழாய்க் கசடு சோதிப்பவள் நான். என் மேஜைக்கு வரும் பாட்டில்களில் பாதி உபயோகமில்லாதவை. எந்தக் குழாய், எத்தனையாவது ஓட்டம் என்றுகூட எழுதாமல், கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வரும்.

தம்பி, மூன்று விஷயம் எனக்காகச் செய்யுங்கள்.

ரிசீவரைத் திறந்ததும் வரும் கறுப்புக் கசடைக் காய விடாதீர்கள். அதில் இரும்பு சல்பைடு இருந்தால் காய்ந்ததும் காற்றிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே எண்ணெய் ஆவி. கதவு திறப்பதற்கு முன்பே பேரலில் தண்ணீர் நிரப்பி வடியுங்கள், கசடை ஈரமாகவே டிரம்மில் போட்டு மேலே தண்ணீர் நிற்கும்படி மூடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு கசடுக்குள்ளேயே அடைபட்டிருந்து கிளறும்போது வெளியே வரும். அழுகிய முட்டை வாசனை வந்தால் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கே மரத்துவிடும், வாசனை நின்றது நல்லது என்று தோன்றும். சட்டையில் மானிட்டர், முகத்தில் சுவாசக் கருவி, இரண்டும் வேண்டும்.

அடுத்தது எடை. ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்த கசடை எடை போட்டு எழுதுங்கள். குறைந்துகொண்டே வந்தால் குழாய் சுத்தமாகிறது. அடுத்த ஓட்டத்தில் திடீரென்று கூடினால் இப்போதுதான் பழைய படிவத்தைத் தொட்டிருக்கிறீர்கள், அங்கே அவசரப்படக் கூடாது.

மூன்றாவது பாட்டில். பிக்கின் முன்னால் வந்தது ஒன்று, டிஸ்க்குகளுக்கு நடுவில் ஒட்டியது ஒன்று, பின்னால் வந்த தண்ணீர் ஒன்று. கழுத்து வரை நிரப்பிக் காற்று இல்லாமல் மூடுங்கள். அரிப்பு உண்டாக்கும் சல்பேட் பாக்டீரியா காற்றில்லாத இடத்தில் வாழ்வது. ஓடும் தண்ணீரில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும், கசடுக்கு அடியில்தான் கூட்டமாக இருக்கும். வளர்த்து எண்ணும் முறையில் முழு முடிவு வர 28 நாள் ஆகும், அதனால் முதல் ஓட்டத்திலிருந்தே அனுப்புங்கள்.

உங்கள் ஓட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வேகத்தில் தண்ணீர் எண்ணெயோடு கலந்து போகாது, அடியில் தங்கும். கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், கசடுக்குக் கீழே, தண்ணீரும் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். நீங்கள் ஊற்றும் அரிப்புத் தடுப்பு மருந்து அந்தக் கசடைத் தாண்டி இரும்பைத் தொடவே தொடாது. சுத்தம் செய்யாத குழாயில் மருந்துக்குக் கொட்டும் பணம் முழுக்க வீண் என்று நான் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறேன்.


மாட்டுங்கா ஓய்வு
செப்டம்பர் 12, இரவு 8:00

அம்மா எழுதியதற்கு ஒரு சாட்சி உண்டு. 2006 மார்ச்சில் அலாஸ்காவின் புரூடோ பேயில் தரைமேல் போன ஒரு எண்ணெய்க் குழாய் கசிந்து, இரண்டு லட்சம் காலனுக்கு மேல் எண்ணெய் பனியில் கொட்டியது. உள்ளே கசடு படிந்து, அதற்கு அடியில் அரிப்பு. ஓட்டை கால் அங்குலம்தான். அந்தக் குழாயில் 1998-க்குப் பிறகு பிக்கே போகவில்லை. வருடக்கணக்கில் ஒரு ஃபோம் பிக்கைக்கூட அனுப்பாமல் விட்டதற்கான விலை அது. நம் குழாய் கடலுக்கடியில் இருக்கிறது. கசிந்தால் முதலில் பார்ப்பது வலை போட வந்த கோலி மீனவராகத்தான் இருக்கும்.

உன் மேலதிகாரிக்கு இன்னொரு காரணம். எம்எஃப்எல் பிக் காந்தத்தால் சுவரை முழுக்க நிரப்பி, சுவர் மெலிந்த இடத்தில் வெளியே கசியும் காந்தப் புலத்தை அளக்கிறது. சென்சார் சுவரை ஒட்டிப் போக வேண்டும். மெழுகு சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டாலே அளவு தப்பாகும், இரும்புத் தூள் வேறு காந்தத்தில் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுத்தமில்லாத குழாயில் ஓட்டினால் அறிக்கை வரும், அதில் உண்மை இருக்காது. அதே பணத்தை இரண்டாம் முறை செலவு செய்ய வேண்டியிருக்கும்.

இதையும் பார்த்துவிடு: பாதையில் உள்ள எல்லா வால்வும் முழு விட்டமுடையதா, பக்கக் குழாய் சேரும் இடத்தில் கம்பி வைத்த டீ, அதாவது மும்முனை இணைப்பு, இருக்கிறதா, ரைசர் வளைவு எத்தனை மடங்கு விட்டம். கம்பி இல்லாத பெரிய டீயில் பிக் தலையை நுழைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பிக்கில் ஒரு அலுமினிய காஜிங் தட்டும் மாட்டி அனுப்பு, உள்விட்டத்தில் 95 சதவீதம், அதாவது 283 மில்லிமீட்டர். குழாய் எங்காவது நசுங்கியிருந்தால் தட்டு மடங்கி வரும்.


நெருல் புதுசு
செப்டம்பர் 15, இரவு 9:10

இந்த இழையில் வந்ததை எல்லாம் கணக்கோடு எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். 240 மீட்டர் மெழுகுக் கட்டை என்ற இடத்தில் மேலதிகாரி கால்குலேட்டர் எடுத்து அவரே போட்டுப் பார்த்தார். அப்புறம் திட்டத்தை மாற்றச் சொல்லிவிட்டார். ஆறு ஓட்டம், எம்எஃப்எல் அதற்குப் பிறகு. ஆர்ஓவி முதலில் போகிறது. கரைப்பான் இரண்டு டேங்க் படகிலேயே இருக்கும்.


சயான் இன்ஸ்ட்ருமென்ட்
செப்டம்பர் 15, இரவு 9:35

அந்த மேலதிகாரிக்கு என் வணக்கம் சொல். கதவு.


நெருல் புதுசு
நவம்பர் 6, மாலை 6:25

நேற்றுத்தான் ஹெலிகாப்டரில் ஜூஹுவில் இறங்கினேன். மூன்று ஓட்டம் முடிந்திருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் மென்மையான ஃபோம், பதினொரு மணி நேரத்தில் வந்தது. பத்தரை மணி நேரம் தாண்டியதும் என் கை நடுங்கியது, எழுதி வைத்த தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் கிழிந்து, கறுப்புக் கோடு போட்டு வந்தது. கசடு அரை வாளி. இரண்டாவது 80 அடர்த்தி ஃபோம், கசடு 38 கிலோ, பெரும்பாலும் பழுப்பு மெழுகு. இரண்டிலும் துண்டு உடையவில்லை, ஆனால் வடிகட்டிக்கு ஆள் போட்டிருந்தோம்.

மூன்றாவது, பைபாஸ் நாலு ஓட்டை திறந்த டிஸ்க் பிக். ஏழாவது மணி நேரத்தில் அழுத்தம் மூன்று பார் ஏறியது. ஓட்டத்தைக் குறைத்துக் காத்திருந்தோம். இருபது நிமிடத்தில் தானே இறங்கியது. கசடு 212 கிலோ. இந்த முறை கறுப்பு, மாவு மாதிரி, மெழுகு குறைவு. லேப் அக்கா சொன்னபடி தண்ணீர் நிரப்பித்தான் திறந்தோம். ரிசீவரில் வென்ட் உண்மையிலேயே அடைபட்டிருந்தது, காஜ் பூஜ்ஜியம் காட்டியது. டிரெயினில் எதுவும் வராததால் சந்தேகப்பட்டு நிறுத்தி, வென்ட் பாதையைச் சுத்தம் செய்ததும் காஜ் இரண்டு பாருக்கு ஏறியது. சயான் அண்ணா, நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறைக்கும் மேல் படித்திருந்தேன். அன்று கதவுப் பக்கம் நாலு பேர் இருந்தோம்.

காஜிங் தட்டில் ஒரு விளிம்பு நாலு சென்டிமீட்டருக்கு மடங்கி வந்திருக்கிறது.


சங்குகுளி பேரன்
நவம்பர் 6, இரவு 7:40

ஆர்ஓவி படத்தில் உடைந்த கான்கிரீட் எங்காவது இருக்கிறதா?


நெருல் புதுசு
நவம்பர் 6, இரவு 8:15

இருக்கிறது அண்ணா. 11.6-வது கிலோமீட்டரில் ஒரு பக்கம் கான்கிரீட் உதிர்ந்து, இழுவலைக் கயிறு சுற்றிக் கிடக்கிறது. அங்கே மின்னழுத்தம் மைனஸ் 930, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது மணி நேரத்தில் பிக் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் போயிருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன்.


சங்குகுளி பேரன்
நவம்பர் 6, இரவு 8:30

மின்னழுத்தம் நன்றாக இருந்தால் வெளிப்பக்க அரிப்புக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்றுதான் பொருள், நசுங்கவில்லை என்று பொருள் இல்லை. நங்கூரமோ வலைப் பலகையோ இடித்திருக்கலாம்.


மாட்டுங்கா ஓய்வு
நவம்பர் 6, இரவு 9:00

தட்டு மடங்கியது எங்கே என்று தட்டுக்குத் தெரியாது. ரிசீவரில் விட்டம் மாறும் ரெடியூசரில்கூட இடித்திருக்கலாம். எம்எஃப்எல் விடாதே. அதன் உடம்பு இறுக்கம், சென்சார் விலை உயர்ந்தது, பள்ளத்தில் மாட்டினால் நம் பதினோரு நாள் கதைதான். அதற்கு முன் காலிப்பர் பிக் ஒன்று விடு. விரல்கள் சுவரைத் தொட்டுக்கொண்டே போய் எந்தத் தூரத்தில், எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்று பதிவு செய்யும். வருடக் கடைசி அறிக்கை தள்ளிப்போகும் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடு.


பன்வெல் லேப்
நவம்பர் 7, காலை 10:05

முதல் இரண்டு ஓட்டத்தின் பாட்டில்கள் வந்துவிட்டன, பெயரும் எண்ணும் தெளிவாக எழுதியதற்கு நன்றி. இரண்டும் பெரும்பாலும் மெழுகு, கொஞ்சம் மணல். 212 கிலோ கறுப்பு மாவுதான் எனக்கு வேண்டும். அது இன்னும் வரவில்லை. 38-லிருந்து 212 என்றால் நீங்கள் பழைய படிவத்தை இப்போதுதான் தொட்டிருக்கிறீர்கள். அடுத்தும் பிரஷ் வேண்டாம், அதே டிஸ்க் பிக்கை இன்னொரு முறை ஓட்டுங்கள்.


நெருல் புதுசு
நவம்பர் 7, மதியம் 12:40

சரி அக்கா. நாலாவது ஓட்டமும் அதே டிஸ்க், அப்புறம் காலிப்பர் என்று மேலதிகாரி ஒப்புக்கொண்டுவிட்டார், எம்எஃப்எல் ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறது. மூன்றாவது ஓட்டத்தின் பாட்டில்கள் சரக்குப் படகில் நாளைக் காலை கரைக்கு வருகின்றன. கூரியரில் விட மாட்டேன், நானே எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் பன்வெல் வந்துவிடுகிறேன்.